ஊட்டிக் குளிரில் டீசல் வண்டியை ஸ்டார்ட் செய்வது எப்படி

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பட்டறைக்கு விடியும் முன்பே போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, செல்ஃப் அடிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும் நேரம் அது. கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டிய பிக்கப்காரர்கள், சுற்றிப்பார்க்க வந்து லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தியவர்கள், இவர்கள்தான் அதிகம் கூப்பிடுவது. பல பேருக்கு நான் போகவே தேவையில்லை, சாவியைத் திருப்பும் விதத்தை மாற்றினால் போதும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்க, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆயில் கெட்டிப்பட்டுப் போவதால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். அந்த நேரம் பார்த்து பேட்டரியும் பலம் குறைந்திருக்கும். காலையில் நாம் பார்க்க வேண்டியதெல்லாம் சூடும் சுற்றும்தான்.

முதலில் ஹெட்லைட், ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பினால் டேஷ்போர்டில் சுருள் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அதுதான் ஹீட்டர் பிளக், அதாவது இன்ஜின் உள்ளே சூடேற்றும் பிளக்கின் விளக்கு. அது அணையும் வரை செல்ஃபைத் தொடவே கூடாது. உறைபனி விழுந்த காலை என்றால் சாவியை அணைத்து, மறுபடி ஆன் செய்து, இன்னொரு தடவை சூடாக விடுங்கள். அப்புறம் கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலும் கெட்டியாக இருக்கும், கிளட்சை மிதித்தால் அந்தப் பாரம் செல்ஃப் மோட்டாருக்கு இல்லை. காமன் ரயில் என்னும் கம்ப்யூட்டர் வைத்த டீசல் வண்டியில் ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம், டீசல் அளவைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். பழைய பம்ப் வண்டிகளுக்குப் பாதி வரை மிதித்தால் உதவும்.

ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது விட்டு, மறுபடி ஹீட்டர் போட்டு அடியுங்கள். விடாமல் அடித்தால் பேட்டரியும் போகும், செல்ஃப் மோட்டாரும் கருகும்.

அப்படியும் ஆகவில்லையா? கீழே இறங்கி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்சரைப் பாருங்கள். போனில் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. அப்போது சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல். புகையே வரவில்லை என்றால் டீசலே போகவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் லைனில் ஏர் பிடித்திருக்கும். பிரைமர், அதாவது கையால் அமுக்கி டீசல் ஏற்றும் பம்ப் இருந்தால், அது கெட்டியாகும் வரை அமுக்குங்கள். இன்ஜின் 'ஊம்... ஊம்...' என்று முக்கிக்கொண்டு சுற்றினால் பேட்டரி. டெர்மினலில் பச்சை, வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி, வாஸ்லின் தடவினாலே பல வண்டி கிளம்பிவிடும்.

ஹீட்டர் பிளக்கைப் பார்க்க பெரிய கருவி வேண்டாம். சாவியை அணைத்துவிட்டு, பிளக் தலையில் இருக்கும் ஒயரை அல்லது பட்டையைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முனையைப் பிளக் தலையில் வையுங்கள். லேம்ப் எரிந்தால் உள்ளே இருக்கும் கம்பி அறுபடவில்லை, எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்துவிட்டது. நாலில் ஒன்று போனால் வண்டி கிளம்பும், ஆனால் கொஞ்ச நேரம் உதறும். இரண்டு போய்விட்டால் ஊட்டிக் காலையில் கஷ்டம்தான். புது வண்டிகளில் சிலவற்றுக்கு 12 வோல்ட்டை விடக் குறைந்த வோல்ட்டேஜ் பிளக் வருகிறது. அதைப் பேட்டரியோடு நேராக இணைத்துச் சிவக்க வைத்துப் பார்க்காதீர்கள், எரிந்துவிடும்.

இங்கே டீசல் மெழுகாக இறுகி நிற்பது அபூர்வம். நம் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். லடாக் கதை வேறு. அங்கே போடுவதற்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. நமக்குத் தொல்லை ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீர். மாதம் ஒரு தடவை அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். சாயங்காலமே டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படிவதும் குறையும்.

இரண்டு காரியத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். டேங்குக்கு அடியிலோ ஆயில் சம்ப்புக்கு அடியிலோ துணியைக் கொளுத்திக் காட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. டீசல் கசிவு இருந்தால் வண்டியோடு ஆளும் போய்விடுவார். ஃபில்டரைச் சூடாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினால் போதும். இன்னொன்று, ஹீட்டர் பிளக் இருக்கும் இன்ஜினில், சட்டென்று பற்றும் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது. சூடான பிளக்கில் பட்டதும் நேரம் கெட்டு வெடிக்கும், பிஸ்டனே உடைந்துபோகலாம்.

ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் செய்யாதீர்கள். ஆயில் டர்போ வரை ஏற ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டுக் குளிர்காயவே கூடாது, புகை விஷம். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றால் முதலில் வண்டியை வெளியே தள்ளி நிறுத்துங்கள், அப்புறம் சாவியைப் போடுங்கள்.