நிப்பிள் ஷீல்டு: வாங்கும்போதும் மாட்டும்போதும் நடக்கும் தவறுகள்

நிப்பிள் ஷீல்டு என்பது முலைக்காம்பின் மேல் மாட்டும் மெல்லிய சிலிக்கான் உறை. நுனியில் சிறு துளைகள் இருக்கும். பிள்ளை அதைச் சப்பும்போது உள்ளே காம்பு நீண்டு, பால் அந்தத் துளைகள் வழியாக வரும். காம்பு தட்டையாகவோ உள்வாங்கியோ இருக்கும் தாய்க்கும், குறைமாதத்தில் பிறந்து இழுத்துக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்கும் நல்ல துணை. 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 34 குறைமாதக் குழந்தைகள் ஷீல்டு இல்லாமல் ஒரு வேளைக்குச் சராசரியாக 3.9 மி.லி. குடித்தன, ஷீல்டோடு 18.4 மி.லி. குடித்தன. ஆனால் அது மருத்துவமனைக்குள், குடிக்கும் முன்னும் பின்னும் எடை பார்த்துச் செய்தது. வீட்டில் அந்தக் கண்காணிப்பு இருக்காது. தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

சீம்பால் நாளிலேயே மாட்டுவது

இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். கெட்டியானது, அளவும் குறைவு. முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மி.லி. வந்தாலே பிள்ளைக்குப் போதும். அந்தச் சில சொட்டும் ஷீல்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால் பிள்ளைக்குக் கிடைப்பது வெறும் காற்று. பிள்ளை வீறிடும், "பால் ஊறவே இல்லை" என்று வீட்டில் பேச்சு கிளம்பும், சாயங்காலத்துக்குள் பவுடர் டின் வந்துவிடும்.

அந்த நாட்களில் கையால் பீச்சிக் கொடுப்பதே சரி. கையை சோப்புப் போட்டுக் கழுவி, கட்டைவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழுமாக, காம்பிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலைத் தேய்த்து இழுக்கக் கூடாது. பாலை, கொதிநீரில் போட்டு எடுத்த பாலாடையிலோ (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) சங்கிலோ பிடித்து, பிள்ளையைத் தலை உயர்த்தி வைத்து, முனையைக் கீழுதட்டில் பட வையுங்கள். பிள்ளையே உறிஞ்ச வேண்டும், நாம் ஊற்றக் கூடாது. இடையிடையே பிள்ளையை உடுப்பில்லாமல் தாயின் நெஞ்சோடு போட்டு வைத்தால் தானாகவே காம்பைத் தேடத் தொடங்கும். சேனை (பிறந்ததும் நாக்கில் வைக்கும் இனிப்பு), தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஆபத்து.

ராமேசுவரம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் இதே நேரத்தில் பால்சுறா புட்டும் தயாராகிவிடும். சாப்பிடட்டும், நல்ல சத்து. ஆனால் மார்பிலிருந்து பால் வெளியேறினால்தான் அடுத்த பால் ஊறும். புட்டு மட்டும் அந்த வேலையைச் செய்யாது.

வலிக்கிறது என்பதற்காக வாங்குவது

காம்பு வெடித்து வலித்தால் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளை பிடிக்கும் விதம். வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுத்த பகுதியில் பெரும்பங்கு உள்ளே போய், கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, தாடை மார்பில் பட்டிருக்க வேண்டும். காம்பு நுனியை மட்டும் கவ்வும் பிள்ளை ஷீல்டின் நுனியையும் அப்படித்தான் கவ்வும். நாக்கு முன்னால் நீளாமல் அடியில் ஒட்டியிருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் கட்டிக்கொண்டால் நல்ல காம்பும் தட்டையாகிவிடும். அதற்கு ஷீல்டு தேவையே இல்லை. காம்பின் அடியைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தாலே இளகும். கொஞ்சம் பீச்சிவிட்டு உடனே பிள்ளைக்குக் கொடுங்கள்.

கறுத்த பகுதியின் ஓரத்தை இரு விரலால் இலேசாக அமுக்கிப் பாருங்கள். காம்பு வெளியே வந்தால் பிள்ளையே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனால்தான் அது உண்மையில் உள்வாங்கிய காம்பு. அதற்கும் முதலில் சிரிஞ்சு முறையை முயலலாம். புதிய 10 அல்லது 20 மி.லி. சிரிஞ்சில் ஊசி மாட்டும் முனையை அறுத்துவிட்டு, அறுத்த பக்கமாகப் பிஸ்டனைச் செருகி, வழுவழுப்பான மறுமுனையைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுத்து 30 நொடி முதல் ஒரு நிமிடம் பிடிப்பது. அறுத்த பக்கம் தோலில் படவே கூடாது. எடுக்கும் முன் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை விட வேண்டும். ஒருமுறை செவிலியர் செய்து காட்டினால் நல்லது.

கடையில் கொடுத்ததை வாங்கி வருவது

மெடிக்கலில் போய் "ஷீல்டு" என்று மட்டும் கேட்டால் மூன்று தவறான வகைகளில் ஒன்று கைக்கு வரலாம். துளை போட்ட கெட்டி பிளாஸ்டிக் கிண்ணம் உள்ளாடைக்குள் வைப்பது, பால் கொடுக்க அல்ல. பம்போடு வரும் புனலையும் சில கம்பெனிகள் ஷீல்டு என்றே எழுதுகின்றன. அதிலும் நிப்பிள் ஷீல்டில் போலவே 24 என்ற அளவு எண் இருக்கும், ஆனால் அந்த 24 வேறு, இந்த 24 வேறு. மூன்றாவது வகை, கெட்டியான அடிப்பகுதியில் ரப்பர் நிப்பிள் பொருத்தியது. இதில் பால் குறைவாகத்தான் வரும், காற்று அதிகம் போகும், வாங்காதீர்கள். பாட்டில் நிப்பிளைக் காம்பின் மேல் கவிழ்த்துக் கொடுப்பதும் இதே கதைதான்.

வேண்டியது முழுக்கச் சிலிக்கானால் ஆன, மெல்லிய, விளிம்பில் ஒரு பக்கம் வெட்டுள்ள ஷீல்டு. அந்த வெட்டுப் பக்கம் பிள்ளையின் மூக்கு வர வேண்டும். தாயின் தோல் அங்கே படும், வாசனையும் தெரியும்.

அளவுகள் பெரும்பாலும் 16, 20, 24 மி.மீ. பள்ளிக்கூட ஸ்கேல் போதும். காம்பு வெளியே வந்திருக்கும்போது அதன் அடிப்பகுதியின் அகலத்தை மட்டும் அளந்து, அதைவிட 2 மி.மீ. போலக் கூடுதலாக எடுங்கள். 18 என்றால் 20, 21 அல்லது 22 என்றால் 24. சிறிதாக இருந்தால் காம்பு சுவரில் உரசி வெளுத்து வெடிக்கும். பெரிதாக இருந்தால் வழுக்கும். இரண்டு கிலோ பிள்ளைக்கு 24 பெரும்பாலும் வாய் கொள்ளாது, குமட்டும். காம்புக்கும் வாய்க்கும் ஒத்துவராவிட்டால், பிள்ளை வளரும்வரை பீச்சிப் பாலாடையில் கொடுப்பதே மேல்.

அப்படியே மேலே ஒட்டுவது

காம்பின் மேல் வெறுமனே வைத்து அமுக்கினால் இரண்டு சப்பில் கழன்றுவிடும். ஷீல்டை வெதுவெதுப்பான நீரில் நனையுங்கள். விளிம்பைப் பின்பக்கமாகப் பாதிவரை புரட்டுங்கள், காம்பு நுழையும் குழாய்ப் பகுதியின் அடியும் கொஞ்சம் புரண்டிருக்க வேண்டும். நடுவில் காம்பு வரும்படி வைத்து, புரட்டிய விளிம்பை மெதுவாக மார்பின் மேல் விரித்துவிடுங்கள். விரியும்போது காம்பு உள்ளே இழுபடுவது கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். நுனிக்குள் சில சொட்டுப் பால் பீச்சி வைத்தால் பிள்ளைக்கு உடனே ருசி தட்டும். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவியிருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். ஐப்பசி மழையானாலும் சித்திரை வெயிலானாலும் நம் பக்கம் மார்பில் வியர்வை நிற்காது, அதையும் துணியால் ஒற்றியெடுத்த பிறகே மாட்ட வேண்டும்.

குடிக்கிறது என்று நினைத்துவிடுவது

சப்பும் சத்தம் கேட்டால் போதாது, விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். பிள்ளை வாயை எடுத்ததும் ஷீல்டின் நுனியைப் பாருங்கள்: உள்ளே பால் தேங்கியிருந்தால் பால் வந்திருக்கிறது. மார்பும் முன்னைவிட இளகியிருக்க வேண்டும். முதல் நாட்களில் ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் 10 நிமிடம் பீச்சி, அதையும் பாலாடையில் கொடுங்கள், சுரப்பு குறையாது.

ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை நன்றாக மூத்திரம் போக வேண்டும், மலம் மஞ்சளாகியிருக்க வேண்டும். பிறந்த எடை 10 முதல் 14 நாளுக்குள் திரும்பி வர வேண்டும். அதன் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஷீல்டு போட்டிருக்கும்வரை வாரம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ எடை பாருங்கள், ஒரே தராசில்.

எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருப்பது, 8 மணி நேரம் மூத்திரம் போகாதது, உள்ளங்கால் வரை மஞ்சள், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். உடனே 108-ஐ அழையுங்கள்.

உப்புத் தண்ணீரில் கொதிக்க வைப்பது

உப்பான போர்வெல் தண்ணீரில் இரண்டு நாள் கொதிக்க வைத்தால் ஷீல்டின் மேல் வெள்ளையாக ஒரு படிவு ஏறும். நகத்தால் சுரண்டினால் சிலிக்கான் கீறி, கீறலில் அழுக்குத் தங்கும். காவிரிக் குழாய்த் தண்ணீரோ குடத்துக்கு வாங்கும் குடிநீரோ ஒரு சின்னப் பாத்திரம் போதும். குடித்து முடித்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், சுடுநீர் பட்டால் பால் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெந்நீரும் சோப்பும். நாளுக்கு ஒருமுறை மூழ்க வைத்து 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். உலர்ந்ததும் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். சுவரில் வெயிலுக்கு வைத்தால் மணலும் காக்கையும் சும்மா விடாது. பிள்ளை வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு தெரிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே மருந்து வாங்க வேண்டும். கிழிந்ததை உடனே தூக்கிப் போடுங்கள்.

அவசரமாக நிறுத்துவது

பிள்ளை கடும் பசியில் இருக்கும்போது ஷீல்டைப் பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும். ஷீல்டோடு தொடங்கி, பால் இறங்கி இரண்டு மூன்று நிமிடம் ஆனதும் சட்டென உருவிவிட்டு, ஈரமாக நீண்டிருக்கும் காம்பைக் கொடுத்துப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் பல பிள்ளைகள் கவனிக்காமலே பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி மாட்டிவிட்டு அடுத்த வேளை பார்க்கலாம். நுனியைத் தினம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வரச் சொல்லும் பழைய யோசனை இன்னும் சுற்றி வருகிறது. வெட்டிய சிலிக்கான் ஓரம் கூராக இருந்து பிள்ளையின் வாயையும் காம்பையும் கீறும். எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் இரண்டு மாதம் ஆனாலும் ஷீல்டோடே கொடுக்கலாம்.