கேமரா வாங்கும்போது டர்பன் வீடுகளில் நடக்கும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இப்போது நிறைய வீடுகளில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. திருட்டு நடந்த பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தால் ஆள் வந்தது தெரிகிறது. யார் என்றுதான் தெரிவதில்லை. பெரும்பாலும் கேமரா மட்டமானது என்பதல்ல காரணம். எந்த இடத்துக்கு எந்த வகை என்று யோசிக்காமல் வாங்கியதுதான்.

பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலை மட்டும் பார்க்காதீர்கள், லென்ஸையும் கேளுங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 2.8 மி.மீ. லென்ஸ். ஏறக்குறைய 100 டிகிரி அகலம் காட்டும். முற்றம் முழுக்க ஒரே படத்தில் வந்துவிடும், பார்க்க மனசு நிறையும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது விழ வேண்டும் என்பது இத்துறையில் உள்ள அளவு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1,920 பிக்சல். அதை 250ஆல் வகுத்தால், படம் சுமார் 7.7 மீட்டர் அகலத்துக்கு மேல் காட்டாத தூரம் வரைதான் முகம் தெளிவாக இருக்கும். 2.8 மி.மீ. லென்ஸில் அது சுமார் 3 மீட்டர்தான். கேட் 8 மீட்டர் தள்ளி இருந்தால், அகலத்தைக் குறைத்து நெருக்கமாகக் காட்டும் 6 மி.மீ. லென்ஸ் வேண்டும். விலை உயர்ந்த ஒரே கேமராவை விட, முற்றத்துக்கு அகலமானது ஒன்று, கேட்டுக்கு நெருங்கிப் பார்ப்பது ஒன்று என்று இரண்டு வாங்குவதையே நான் சொல்வேன். அதையும் கூரை விளிம்பில் உயரமாக மாட்டினால் தொப்பிதான் தெரியும்.

அடுத்தது மின்சாரம். 2023இல் லோட் ஷெடிங்கால், அதாவது முறைவைத்துச் செய்த மின்வெட்டால், பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. அது குறைந்த பிறகும் கேபிள் திருட்டாலும் பழுதாலும் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. "அப்போ பேட்டரி வைஃபை கேமரா போதுமே" என்பார்கள். கேமரா விழித்திருக்கும், சரி. ரவுட்டர் அணைந்தால் போனுக்கு எச்சரிக்கை வராது. மேலும் அந்த வகை பெரும்பாலும் உடல் வெப்பம் நகர்வதை உணர்ந்த பிறகே பதிவைத் தொடங்கும், முதல் ஓரிரு நொடி போய்விடலாம். குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரைப் பிடிக்கத் தாமதமாகும். சொந்த வீடாக இருந்தால் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் பிஓஇ வகையைப் போட்டு, ரெக்கார்டர், கேமராக் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாவற்றையும் ஒரே லித்தியம் பேட்டரி யூபிஎஸ்ஸில் இணையுங்கள். வாடகை வீடு என்றால் பேட்டரி வகை பரவாயில்லை, ரவுட்டருக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் வாங்குங்கள்.

கடலோர வீட்டுக்காரர்கள் ஐபி66 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது தூசிக்கும் தண்ணீருக்கும்தான். உப்புக்காற்றில் திருகும் பிடியும் துருப்பிடிப்பதை அது தடுக்காது. துருப்பிடிக்காத எஃகுத் திருகு கேளுங்கள்.

சுவர் ஒட்டிய வீடுகளில் இன்னொன்று: பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறம் படத்தில் விழுந்தால், செட்டிங்கில் அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள். கடை, கோயில் போன்ற இடங்களுக்கு 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் போபியா (தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச்) சட்டம் பொருந்தும். கேமரா இருப்பதை அறிவிப்புப் பலகையில் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், மாட்டியவருக்கு முழுப் பணத்தையும் கொடுக்கும் முன், இருட்டிய பிறகு வீட்டில் ஒருவரை கேட்டிலிருந்து நடந்து வரச் சொல்லுங்கள். நேரலையில் பார்த்தால் போதாது, பதிவான படத்தைத் திறந்து பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் லென்ஸையோ இடத்தையோ அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.