டிராக்கர் பாதி வழியில செத்துப் போகாம இருக்க: மொத தடவை லாங் ரைடு போறவங்களுக்கு

நான் திருவொற்றியூர். என் மொத 400 பிஆர்எம், அதாவது 400 கிலோமீட்டர் சைக்கிள் ரைடு, மாதவரம் தாண்டி நெல்லூர் ரோடு, 27 மணி நேரத்துல முடிக்கணும். தடா தாண்டுனதும், நாம எங்க இருக்கோம்னு மேப்புல புள்ளியா காட்டுற ஜிபிஎஸ் டிராக்கரை பவர்பேங்க்ல சொருகி பையில போட்டுட்டு நிம்மதியா மிதிச்சேன். ராத்திரி மூணு மணிக்கு அம்மா போன், "டேய், புள்ளி ஒரே எடத்துலயே நிக்குது, எங்கடா கெடக்குற?" எடுத்துப் பாத்தா டிராக்கர் காலி, ஆனா பவர்பேங்க் பட்டனை அமுக்குனா நாலு லைட்டும் பளிச்சுனு எரியுது!

விஷயம் இன்னான்னா டிராக்கர், வாட்ச் மாதிரி குட்டி சாமான் இழுக்குற கரண்ட் ரொம்ப கம்மி, அதனால பல பவர்பேங்க் எதுவும் சொருகலன்னு நெனச்சு கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆயிடும்.

அதனால மொத வேலை வீட்லயே டெஸ்ட். ரைடுக்கு ஒரு வாரம் முன்னாடி டிராக்கரை பாதி சார்ஜுக்கு எறக்கி, ஆன்லயே வெச்சு, பவர்பேங்க்ல சொருகி ஒரு ராத்திரி விடுங்க. காலைல ஏறலன்னா ரெண்டு வழி இருக்கு: சில பவர்பேங்க்ல பட்டனை ரெண்டு தடவை அமுக்குனா லோ கரண்ட் மோட் வரும், இல்லன்னா இன்னொரு போர்ட்ல போனையும் சேத்து சொருகிடுங்க, ஆனா போன் ஃபுல் ஆனா பழைய கதைதான்.

அடுத்து கணக்கு. பவர்பேங்க் மேல 10,000 எம்ஏஎச்னு (எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ங்கிற அளவு) போட்டிருந்தா அது உள்ள இருக்குற 3.7 வோல்ட் பேட்டரி செல்லோட கணக்கு, 5 வோல்ட்டா வெளிய வரும்போது லாஸ் போக ஒரு 6,000 சொச்சம்தான் கைக்கு கெடைக்கும். போனுக்கே ஒரு தடவைல முக்கால்வாசி போயிடும். 400 கிலோமீட்டருக்கு ஒரு பவர்பேங்க் போதும், 600 கிலோமீட்டர்னா 40 மணி நேரம், ரெண்டு எடுத்துக்கோங்க.

எப்ப சார்ஜ் போடணும்? 10 பர்சன்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. சூலூர்பேட்டை பக்கம் டீக்கு நிப்பீங்கல்ல, அப்பவே போட்டுடுங்க, 20 பர்சன்ட்லேர்ந்து 80 வரைக்கும் சரசரன்னு ஏறும், அதுக்கு மேல ஆமை வேகம்தான். மத்தியான வெயில்ல ஹேண்டில்பார்ல வெச்சே சார்ஜ் பண்ணாதீங்க, சூடு 45 டிகிரி தாண்டுனா பேட்டரிக்கு ஆகாது, நெறைய டிவைஸ் சார்ஜையே நிறுத்திடும்.

சிம் போட்ட டிராக்கர்னா சிக்னல் வீக்கா இருக்குற எடத்துல பேட்டரிய குடிச்சிடும். லொக்கேஷன் அனுப்புறத ஒரு நிமிஷத்துலேர்ந்து அஞ்சு நிமிஷமா மாத்துனா நல்லா தாங்கும், ஆனா ரைடு நடத்துறவங்க கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

கேபிள் ரெண்டு, ஜிப் கவர்ல போட்டு. எண்ணூர், காசிமேடு பக்கம் இருக்கவங்களுக்கு சொல்லவே வேணாம், உப்புக்காத்துல கேபிள் முனையெல்லாம் பச்சை புடிச்சிருக்கும். டிராக்கர்லேர்ந்து கழட்டிட்டு, பழைய டூத்பிரஷ்ல கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு தேச்சு, நல்லா காஞ்சப்புறம் சொருகுங்க.