‘லேசாகத்தான் பயன்படுத்தியது’: பழைய துப்பாக்கி விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி விற்பனைக்கு என்று வரும் விளம்பரங்களில் ‘லேசாகத்தான் பயன்படுத்தியது’ என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். வாங்குகிறவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பல வருடம் இடுப்பு உறையிலேயே இருந்து, ஆண்டுக்கு ஒரு பெட்டி தோட்டா மட்டும் சுட்ட பிஸ்டலும் லேசாகப் பயன்படுத்தியதுதான். ஒரே ஒரு நாள் மலிவான பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, சுத்தம் செய்யாமல் அலமாரியில் வைத்த ரைஃபிளும் அப்படித்தான். முதலாவதில் உறை உரசிய ஓரங்களில் பூச்சு போயிருக்கும், உள்ளே புதுசு மாதிரி இருக்கும். இரண்டாவது வெளியே பளபளக்கும், குழலுக்குள் துரு பிடித்திருக்கும்.

அந்தத் துருவுக்குக் காரணம் உண்டு. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகி, சாப்பாட்டு உப்பைப் போலவே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு குழலுக்குள் ஒட்டியிருக்கும். வெறும் எண்ணெய் போட்டுத் துடைத்தால் இந்த உப்பு கரையாது, தண்ணீர் வேண்டும். இது தெரியாமல் எண்ணெய் மட்டும் போட்டு வைத்தவர்கள் நிறைய. அதனால் மோசின் நகாந்த் போன்ற ராணுவ ரைஃபிளை விற்கும்போது எத்தனை ரவுண்டு சுட்டீர்கள் என்பதைவிட, எந்தத் தோட்டாவைச் சுட்டீர்கள், பிறகு எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்பதுதான் முக்கியம். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்து, கண்டதை அப்படியே எழுதுங்கள். ‘குழலின் உட்சுழல் வரிகள் கூர்மையாக இருக்கின்றன, தோட்டா அறைக்குப் பக்கத்தில் லேசான குழிகள் உண்டு’ என்றால் போதும். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதலாம், அதிலும் வெட்கம் இல்லை.

அடுத்த தவறு, தர வரிசைச் சொற்களை மனம்போனபடி போடுவது. தற்காலத் துப்பாக்கிகளுக்கு அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் (என்.ஆர்.ஏ.) வகுத்த தரவரிசை ஒன்று நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ‘குட்’ என்றால் பாதுகாப்பாக இயங்குகிறது, உரசும் பரப்புகளில் கொஞ்சம் தேய்மானம், உடைந்த பாகம் எதுவும் இல்லை என்று பொருள். ‘வெரி குட்’ என்றால் தேய்மானம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, துருவோ குழியோ கிடையாது, மேலோட்டமான சின்னக் கீறல்கள் மட்டும் இருக்கலாம். ‘எக்ஸலன்ட்’ என்பதற்குக் கிட்டத்தட்ட புதுசாகவே இருக்க வேண்டும். ஆக ‘குட்’ என்பது கேவலமான தரமே அல்ல. ஆனால் தன் பொருளை வெறும் ‘குட்’ என்று எழுத யாருக்கும் மனசு வருவதில்லை, ஒரு படி ஏற்றிவிடுகிறார்கள். அந்த வரிசையை அறிந்து வாங்க வருகிறவர், எழுதியதிலிருந்து ஒரு படி இறக்கியே விலை பேசுவார். பழங்கால ஆயுதங்களுக்கான தரவரிசை வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது.

சதவீதக் கணக்கிலும் இதே கோளாறு. ‘95 சதவீதம்’ என்று எழுதினால், தொழிற்சாலையில் போட்ட அசல் பூச்சில் அவ்வளவு மிச்சமிருக்கிறது என்றுதான் சேகரிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பின்னால் யாரோ மறுபடி புளூயிங் (உலோகத்துக்குப் போடும் நீலக்கருப்புப் பூச்சு) செய்த துப்பாக்கி எவ்வளவு மின்னினாலும் அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விலையில் பெரிய இடி விழுவது இங்கேதான். மறுபூச்சுக்கு முன் உலோகத்தைத் தேய்த்து மெருகிடுவார்கள். அதில் பெயரும் எண்ணும் பொறித்த இடம் மழுங்கும், விளிம்புகள் உருண்டுபோகும், ஸ்க்ரூ துளைகளின் வாய் கிண்ணம் மாதிரிக் குழியும். விஷயம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது இந்த மூன்றையும்தான். தேய்ந்த இடத்தில் மட்டும் பாட்டிலில் வரும் புளூயிங் திரவத்தைத் தடவி வைத்திருந்தால், சாய்ந்த வெயிலில் அந்தத் திட்டு வேறு நிறமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பூச்சு வேலையை நீங்களே செய்திருக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு முன் வைத்திருந்தவர் செய்திருக்கலாம். ‘மறுபூச்சு போலத் தெரிகிறது’ என்று எழுதினால் போயிற்று. விற்பதற்கென்றே திட்டுத் திட்டாகப் பூசி மெழுகுவதுதான் நேர்மையற்ற வேலை. அதைவிட, தேய்ந்த இடத்தைத் தேய்ந்தபடியே விட்டால் பெரும்பாலும் நல்ல விலையும் கிடைக்கும்.

‘சுடாதது’ என்று எழுதுவதிலும் நிதானம் வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தொழிற்சாலையிலேயே சோதனைக்காகச் சில ரவுண்டு சுட்டுவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். அதனால் பெட்டியை விட்டு எடுக்காத ரிவால்வரின் சிலிண்டர் முகப்பிலும் லேசான கருப்பு வளையம் தெரியலாம். ‘நான் வாங்கியபின் சுடவில்லை’ என்பது சரியான வாக்கியம். நீங்கள் இரண்டாவது கை என்றால், முதல் ஆள் சுட்டாரா இல்லையா என்று சத்தியம் செய்ய உங்களால் முடியாது. புது குளாக் பிஸ்டலின் ஸ்லைடுக்கு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) உள்ளே செம்பு நிறத்தில் ஒரு பசை இருக்கும். அது இன்னும் இருப்பதைப் படமெடுத்துப் போடுவது ‘அதிகம் சுடாதது’ என்பதற்கு ஓரளவு ஆதாரம். அதற்குமேல் அதை நீட்டிக்கக் கூடாது. ரவுண்டுக் கணக்கும் அப்படியே. குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதை வைத்து மதிப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

மாற்றிய பாகங்களைச் சொல்லாமல் விடுவது தரக்குறைவை மறைப்பதைவிட மோசம். ஏனென்றால் இங்கே பாதுகாப்பும் சேர்ந்துவிடுகிறது. வீட்டிலேயே ட்ரிகரை இலகுவாக்கியிருந்தால், ஸ்பிரிங் மாற்றியிருந்தால், கட்டாயம் எழுத வேண்டும். ரூகர் நிறுவனத்தின் பழைய சிங்கிள் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடும்) ரிவால்வர்கள் இதற்கு நல்ல உதாரணம். 1973-க்கு முந்தைய மாடல்களில் டிரான்ஸ்ஃபர் பார், அதாவது ட்ரிகரை இழுத்தால் மட்டும் சுத்தியலின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும் பாதுகாப்புப் பாகம், கிடையாது. ஆறு அறையிலும் தோட்டா போட்டுக் கீழே தவறவிட்டால் வெடிக்க வாய்ப்புண்டு. அவற்றை ரூகரே இலவசமாக மாற்றித் தந்து, கழற்றிய அசல் பாகங்களையும் உரிமையாளரிடமே திருப்பி அனுப்புகிறது. சுடுவதற்கு வாங்குபவர் மாற்றியதைத் தேடுவார், சேகரிப்பவர் மாற்றாததைத் தேடுவார். மாற்றியதா, அசல் பாகங்கள் கூட வருகின்றனவா என்ற ஒற்றை வரி இல்லாததால் இருவருமே ஏமாறலாம்.

ரீகால் விஷயமும் இதோடு சேர்ந்தது. ரெமிங்டன் 700 ரைஃபிளில் எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் பொருத்தியவற்றில், 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்தவற்றை அந்நிறுவனம் 2014-இல் திரும்ப அழைத்தது. சிக் சாயர் பி320 பிஸ்டலுக்கு 2017 ஆகஸ்டில், உரிமையாளர் விரும்பினால் செய்துகொள்ளும் மேம்பாடு ஒன்று அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட மாடலை விற்பவர் அந்த வேலை முடிந்ததா இல்லையா என்று எழுத வேண்டும். எப்போதாவது ட்ரிகரைத் தொடாமல் வெடித்திருந்தால் பேச்சே இல்லை, அதை விற்கவே கூடாது, பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும். ‘அவ்வப்போது தோட்டா சிக்கும், சுத்தம் செய்தால் சரியாகிவிடும்’ என்று எழுதுகிறவர் ஏன் தானே சுத்தம் செய்து பார்க்கவில்லை என்ற கேள்வி வாங்குபவருக்கு வரத்தான் செய்யும்.

அப்புறம், படங்கள். எண்ணெய் பூசி ஈரமாக வைத்து எடுத்தால் கீறல் மறைந்துவிடும், நேராக ஃபிளாஷ் அடித்தாலும் மறைந்துவிடும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் பிடித்து எடுங்கள். குழலின் வாய், ஸ்க்ரூ தலைகள், ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் கட்டையின்) கழுத்துப் பகுதி மூன்றும் வேண்டும். பிடிப்பலகையைக் கழற்றி அடியிலும் பாருங்கள், வியர்வை இறங்கிக் குழி விழுவது அங்கேதான். தோல் உறையில் போட்டு வருடக்கணக்கில் வைத்திருந்தால் உறை தொட்ட பக்கம் முழுக்கத் துருப்புள்ளி இருக்கலாம். பழைய ராணுவ ரைஃபிள் என்றால் போல்ட்டிலும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) ரிசீவரிலும் (அது பொருந்தும் உடல் பாகம்) எண்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று தனியாக ஒரு படம். எண்ணைப் பிற்பாடு அழித்து மறுபடி அடித்தது போலத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். ‘படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளது உள்ளபடி’ என்று மட்டும் எழுதி நழுவுவது விவரிப்பு ஆகாது.

எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதற்கு வியாபாரம் நடக்கும் விதமே காரணம். வேறு மாநிலத்துத் தனிநபருக்கு விற்றால், 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் பொருள் கைமாற வேண்டும். வாங்குபவர் டீலரின் கடையில் பெட்டியைத் திறந்து, குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத்தான், துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய அரசுப் படிவமான 4473-ஐ நிரப்ப உட்காருவார். விளம்பரத்தில் இல்லாத துருவைக் கண்டால் பேனாவை எடுக்காமலே திருப்பிவிடலாம். படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனையும் முடிந்து கையில் வாங்கிய பிறகு திருப்புவதென்றால் புதிதாகக் காகித வேலை, கட்டணம். மூன்று நாள் பார்வைக் கெடு, ஆனால் சுட்டால் திருப்ப முடியாது என்ற நிபந்தனை இந்த வியாபாரத்தில் வழக்கம். அந்த மூன்று நாள் டீலரிடம் வந்த நாளிலிருந்தா, வாங்குபவர் கையில் எடுத்த நாளிலிருந்தா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.