வன்முறைத் தடுப்புக் கையேட்டை மாற்றுத்திறனாளிப் பெண்களோடு சேர்ந்து தயாரிப்பது எப்படி?

கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதைவிட, அவர்களோடு துணைக்கு யார் வருவார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். நான் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவள். திண்டுக்கல் பக்கம் மாற்றுத்திறனாளிப் பெண்கள் சங்கம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பலர் அண்ணனின் பைக்கில் ஏறியோ மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டோதான் வருவார்கள். அந்த அண்ணனையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் நடப்பதை எவள் சொல்வாள்?

அதனால் ஆட்டோவை நாமே அனுப்பிவிடுவது நல்லது. துணைக்கு வந்தே தீருவேன் என்பவர்களுக்கு வேறு அறையில் டீ, வடையோடு உதவித்தொகை, பஸ் பாஸ் பற்றி ஒரு தனிக் கூட்டம் போடுங்கள். பேருக்கு நடத்தாதீர்கள். அவர்களுக்கு அதில் பயன் இருந்தால்தான் அடுத்த முறையும் அங்கேயே உட்காருவார்கள்.

காதுகேளாத பெண்ணுக்கு அவள் தங்கையே மொழிபெயர்க்க வேண்டாம். வெளியிலிருந்து சைகைமொழி பெயர்ப்பாளரை அழையுங்கள். பெண்ணாக இருந்தால் நல்லது. பள்ளிக்கே போகாதவர்களுக்கு வீட்டுச் சைகை மட்டும்தான் தெரியும். அதைப் பிடிக்க, பெயர்ப்பாளரோடு காதுகேளாத பெண் ஒருவரும் குழுவில் வேண்டும்.

வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். கணக்கில் போடட்டுமா, கையில் தரட்டுமா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பேச்சு தொடங்கினால் யாராவது அழக்கூடும், அன்றைக்கே வீட்டுக்குப் போகப் பயப்படவும் கூடும். ஆகவே ஆலோசகர் ஒருவர் அறையிலேயே இருக்கட்டும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு முன்கூட்டியே நேரில் போய், வீல்சேர் உள்ளே நுழைகிறதா என்றும் பார்த்து வாருங்கள்.

சரி, உள்ளடக்கம். சட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். “உன்னை யாராவது அடித்தார்களா?” என்றும் கேட்காதீர்கள், தலையைக் குனிந்துகொள்வார்கள். நாங்கள் ஒரு கற்பனைப் பெண்ணை வைத்துக்கொள்வோம். “செல்வின்னு ஒருத்தி, வீல்சேர்ல இருக்கா. அவளை அடக்கி வைக்கணும்னா வீட்டுல என்ன பண்ணுவாங்க?” அப்புறம் பேச்சை நிறுத்த முடியாது. வீல்சேரை எட்டாத இடத்தில் தள்ளி வைப்பார்கள். பாத்ரூமுக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரே தர மாட்டார்கள். உதவித்தொகையை எடுத்துக்கொள்வார்கள். மாதவிலக்குத் தொல்லை என்று சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள்.

இந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். உதவி உபகரணத்தைச் சேதப்படுத்துவதும், பயன்படுத்த விடாமல் தடுப்பதும், பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே சாப்பாடு தண்ணீர் மறுப்பதும் பிரிவு 92இன் கீழ் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. சம்மதம் இல்லாமல் கருத்தரிக்க முடியாதபடி செய்யும் சிகிச்சை எதுவும் கூடாது என்கிறது பிரிவு 10. தண்ணீர் தராததற்கு ஜெயிலா என்று வாய்விட்டுக் கேட்பார்கள். அந்தக் கேள்வியையே அந்தப் பக்கத்துக்குத் தலைப்பாக வையுங்கள். நிபுணர் எழுதும் தலைப்பைவிட அது நன்றாக வேலை செய்யும்.

படங்களையும் அவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓவியர் ஒருவர் முறுக்கு மீசையும் சிவந்த கண்ணுமாக ஒருவனை வரைந்து வந்தார். எங்கள் பெண்கள் சிரித்துவிட்டார்கள். “இவன் யாருன்னே தெரியலையே. நம்மள தூக்கி உட்கார வைக்கிறவனை வரையச் சொல்லுங்க” என்றார் ஒரு அக்கா. திருத்திய படத்தில் இருப்பவன் சாதுவான முகத்தோடு சோறு ஊட்டுகிறான்; அவன் இன்னொரு கை இருக்கும் இடம்தான் சரியில்லை.

அடுத்தது, கையேட்டை வாங்கிப் போகிறவள் அதை எங்கே ஒளித்து வைப்பாள்? பளபள அட்டைப் புத்தகம் அலமாரியில் நின்று மாட்டிவிடும். எங்கள் பெண்கள் கேட்டது, அடையாள அட்டை உறைக்குள் நுழைகிற அளவுக்கு ஒரு மடிப்புத் தாள். பார்வையற்றவர்களுக்கு ஆடியோ சரிதான், ஆனால் போன் சத்தமாகப் பேசும். முதல் அரை நிமிடம் சமையல் குறிப்பாக இருக்கட்டும் என்பது அவர்கள் சொன்ன யோசனைதான். பிரெய்ல் தெரிந்தவர்கள் குறைவு, கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ள பெண்களிடம் சோதிக்கும்போது “புரிஞ்சுதா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். படத்தைக் காட்டி, “இவ இப்ப என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். பதில் தப்பாக வந்தால் மாற்ற வேண்டியது படத்தை. ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம் போதும்.

போலீஸ் பக்கத்தில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான மாற்றுத்திறனாளிப் பெண் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியதில்லை. அவள் வீட்டிலோ அவளுக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரை வைத்துப் புகாரைப் பதிவு செய்ய வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும். 2013 குற்றவியல் சட்டத் திருத்தத்தில் வந்த இந்த விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி எண் 112 இரண்டையும் கூப்பிட்டுப் பாருங்கள். பேச முடியாத பெண்ணுக்கு வெறும் எண்ணைக் கொடுத்து என்ன பிரயோசனம்? தமிழ்நாடு போலீஸின் ‘காவல் உதவி’ செயலியின் அவசர பட்டனை அவள் போனிலேயே காட்டிக் கொடுங்கள். சாதா போன்தான் என்றால், அவளுக்காகப் பேசப்போகும் பக்கத்து வீட்டு அக்காவை அவளே தேர்ந்தெடுத்து, அந்த எண்ணைத் தாளின் காலியிடத்தில் எழுதிக்கொள்ளட்டும்.