தேயிலைக் கணக்குக்கு எந்த மென்பொருள்?

நீலகிரியில் கோத்தகிரி, குந்தா பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிக்கு எல்லா மென்பொருளும் தேவையில்லை. மனு எழுத ரைட்டர், இலைக் கணக்குக்குக் கால்க். இரண்டும் லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பில் இலவசம். நிறுவிய பிறகு இணையம் வேண்டாம். மழையில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. பல பேரிடம் இலை வாங்குபவர்கள்தான், பலருடைய விவரங்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளத்துக்கான பேஸ் பக்கம் போக வேண்டும்.

மனுவை யூனிகோடில் தட்டுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

கால்க்கில் தேதி, எடை, ஈரத்துக்கான கழிவு, நிகர எடை, தொகை என்று ஐந்து பத்தி போதும். எடையில் எண் மட்டும் தட்டுங்கள். ‘42 கிலோ’ என்று தட்டினால் அது எழுத்தாகிவிடும். எடைப் பத்தியின் மொத்தத்தில் சேராது, அந்த மொத்தத்தில் எச்சரிக்கையும் வராது. அன்று பறித்த இலை அதில் விட்டுப்போகும். கண்டுபிடிப்பது சுலபம்: எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம்.

தேதி அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்கா என்றிருந்தால் 03/07 என்று தட்டிய ஜூலை 3, மார்ச் 7 ஆகிவிடும்.

பசுந்தேயிலை விலை மாதாமாதம் மாறுவதால், மாதத்துக்கு ஒரு தாள் வைத்து, விலையை மேலே ஒரே கட்டத்தில் எழுதுங்கள். முதல் வரியின் தொகைச் சூத்திரத்தில் அந்தக் கட்டத்தைச் சொடுக்கியதும் எஃப்4 அழுத்துங்கள், டாலர் குறி விழும். அது இல்லாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் விலைக் கட்டமும் கூடவே நகரும். இரண்டாம் வரியிலிருந்தே தொகை தப்பு.

கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் தானியங்கி மீட்புச் சேமிப்பை 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள்.