குதிரைக்கு லாடம் அடிக்க நல்ல ஆளைத் தேடுவது எப்படி?

முதன்முதலாகக் குதிரை வாங்குபவர்கள் சேணத்தையும் கடிவாளத்தையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். லாடக்காரரை மட்டும் லாடம் கழன்ற பிறகே தேடுகிறார்கள். குதிரை லாயத்துக்கு வருவதற்கு முன்பே அவரைப் பேசி வைத்துவிடுங்கள்.

1. விசாரியுங்கள். பக்கத்துக் குதிரையேற்றப் பள்ளியிலும் கால்நடை மருத்துவரிடமும் கேளுங்கள். ஆடி மாதம் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போனால், நடை சீராக உள்ள குதிரையின் உரிமையாளரிடம் யார் லாடம் அடித்தது என்று கேட்கலாம். மாட்டுக்கு லாடம் கட்டுபவரை அழைத்துச் சமாளிக்க வேண்டாம். மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. இரண்டும் வெவ்வேறு கைவேலை.

2. அவர் வேலை செய்வதைப் பாருங்கள். என்னைக் கேட்டால், இதுதான் முக்கியம். வேறொருவரின் குதிரைக்கு அவர் லாடம் அடிக்கும்போது கூடவே நில்லுங்கள். நல்லவர் எடுத்த எடுப்பில் குறட்டைத் தொடமாட்டார். குதிரையைச் சமதரையில் நடக்கவிட்டு, எந்தக் கால் எப்படி ஊன்றுகிறது என்று கவனிப்பார். குளம்புக்கு ஏற்ப லாடத்தை வளைப்பார். லாடத்துக்கு ஏற்பக் குளம்பை அராவுபவர் வேண்டாம். ஆணி குளம்பின் வெளிச்சுவரில் மட்டுமே ஏற வேண்டும். அங்கே உணர்ச்சி கிடையாது. சற்று உள்ளே போனால் உயிர்ச்சதை. முடிந்ததும் குனிந்து பாருங்கள்: மடக்கிய ஆணி முனைகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்க வேண்டும். தடவினால் கையில் குத்தக் கூடாது. மிரளும் குதிரையை அடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டவே வேண்டாம்.

3. குதிரையைப் பழக்குங்கள். தினமும் நான்கு கால்களையும் தூக்கி, குளம்பைச் சுத்தம் செய்யுங்கள். அடியில் முக்கோணமாக, மெத்தென்று இருக்கும் பகுதியில் கறுத்த கசிவும் துர்நாற்றமும் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது, அவரிடம் காட்டுங்கள். அவர் வரும் நாளில் கால்கள் உலர்ந்திருக்கட்டும். நிழலான சமதரையில், அவர் நிற்கும் பக்கமே நின்று தலைக்கயிற்றைப் பிடியுங்கள்.

4. அடுத்த தேதியை அன்றே குறியுங்கள். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். லாடம் தேயாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவ வேண்டும். கூலியைப் பாக்கி வைக்காதீர்கள்.

5. மறுநாள் கவனியுங்கள். நொண்டினாலோ குளம்பு சுட்டாலோ உடனே அவரை அழையுங்கள். ஆணி உள்ளே பட்டிருந்தால் மருத்துவரும் வர வேண்டும். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் தொற்றும். தடுப்பூசி போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.